பாரிஸில் உங்கள் முதல் ஜூலை 14

பாரிஸுக்கு வந்து முதல் கோடையைப் பார்க்கிறவர்கள் ஜூலை பிறந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பிரான்சின் தேசிய நாளான பதினாலாம் தேதி எங்கே போகலாம்? கேட்ட மாத்திரத்தில் எல்லாரும் ஈஃபில் கோபுரத்தைக் கை காட்டிவிடுவார்கள். அங்கே போவது சுலபம். நள்ளிரவில் அங்கிருந்து, தூங்கி விழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, புறநகரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவதுதான் கஷ்டம், அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் இந்தக் கட்டுரை கொஞ்சம் தலைகீழாகப் போகும். வீடு திரும்பும் வழியை முதலில் பார்ப்போம், வாணவேடிக்கை எங்கே போய்விடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 14 என்றாலும் விஷயம் 13 இரவே தொடங்கிவிடுகிறது. 13 இரவு தீயணைப்பு நிலையங்களில் ஆட்டம் பாட்டம், 14 காலை ஷான்ஸ் எலிசே சாலையில் ராணுவ அணிவகுப்பு, 14 இரவு ஈஃபில் கோபுரத்தில் வாணவேடிக்கை. மூன்றையும் விடாமல் பார்த்தவர்களும் உண்டு, ஆனால் அவர்களுக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும், வீடு பாரிஸுக்கு உள்ளேயே இருக்கும். மற்றவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை நிம்மதியாகப் பாருங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. எனக்கு ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் 13 இரவைத்தான் சொல்வேன். காரணம் கீழே வருகிறது.

எதற்காக இந்த நாள்?

1789 ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டையைப் பிடித்த கதை பள்ளிக்கூடத்துப் பாடம்தான். சிறைக்குள் அன்று இருந்த கைதிகள் ஏழே ஏழு பேர். கூட்டத்துக்கு முக்கியமாக வேண்டியிருந்தது அங்கே குவித்து வைத்திருந்த வெடிமருந்து. சரியாக ஓராண்டு கழித்து, 1790 ஜூலை 14 அன்று, ஷான் த மார்ஸ் மைதானத்தில் நாட்டு ஒற்றுமைக்கென்று ஒரு மாபெரும் விழா நடந்தது. 1880இல் ஜூலை 14ஐ தேசிய நாளாக்கிச் சட்டம் போட்டபோது, ரத்தம் சிந்திய 1789ஐயா அமைதியாக நடந்த 1790ஐயா, எதை நினைத்துக் கொண்டாடுவது என்ற வாக்குவாதமும் வந்தது. சட்டம் ஆண்டைச் சொல்லாமல் தேதியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. 14 இரவு நீங்கள் வாணவேடிக்கை பார்க்க உட்காருகிற புல்தரை அந்த 1790 விழா நடந்த அதே மைதானம்தான்.

பாஸ்டிலைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கோட்டை கிடையாது. பிடித்த கையோடு இடிக்கத் தொடங்கிவிட்டார்கள், கல்லில் ஒரு பகுதி கொன்கோர்ட் பாலம் கட்டப் போனது. சதுக்கத்தின் நடுவில் நிற்கிற உயரமான தூண் 1830 புரட்சியின் நினைவாக எழுப்பியது, அதன் முன்னால் நின்று 1789 என்று தலைப்பிட்டுப் படம் போடாதீர்கள். மிச்சம் பார்க்க ஆசையிருந்தால் பாஸ்டில் மெட்ரோ நிலையத்தில் 5ஆம் தடத்தின் நடைமேடைக்குப் போங்கள், கோட்டை அடித்தளத்தின் சில கற்கள் அங்கேயே இருக்கின்றன. பக்கத்தில் சேன் ஆற்றை ஒட்டி, ஹென்ரி கல்லி என்ற சின்னப் பூங்காவில் ஒரு கோபுரத்தின் அடிப்பகுதியைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம், கூட்டமும் இருக்காது.

வேலை, கடை, அலுவலகம்

அரசு விடுமுறை நாள். வங்கி, தபால் நிலையம், பிரிஃபெக்சர் என்கிற மாவட்ட அரசு அலுவலகம் எல்லாம் மூடியிருக்கும். ஆனால் விடுமுறை என்பதாலேயே உங்கள் முதலாளி லீவு தர வேண்டும் என்பதில்லை. பிரான்சில் எல்லாருக்கும் கட்டாயமாக வேலை நிறுத்தப்படுகிற நாள் மே 1 ஒன்றுதான், மற்ற விடுமுறைகள் அந்தந்தத் தொழிலின் ஒப்பந்தத்தைப் பொறுத்தவை. உணவகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அன்றுதான் கூட்டம் அள்ளும், ஆகவே லீவு வேண்டுமென்றால் ஜூன் மாதமே வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டுகளில் சில மதியத்தோடு மூடும், சில திறக்கவே மாட்டார்கள். பால், ரொட்டி, பிள்ளைக்கு வேண்டியது எல்லாம் 13 மாலைக்குள் வாங்கி வைத்துவிட்டால் தலைவலி இல்லை.

முதல் வேலை: திரும்பி வரும் வழி

இதை 12ஆம் தேதியே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

அன்று எந்தெந்த நிலையங்களில் மெட்ரோ நிற்காது என்ற பட்டியலை, மெட்ரோவை நடத்துகிற ஆர்.ஏ.டி.பி. நிறுவனம் சில நாட்கள் முன்னாலேயே வெளியிடும். ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றம் இருந்தாலும் சாரம் ஒன்றுதான். காலையில் அணிவகுப்புக்காக ஷான்ஸ் எலிசேயை ஒட்டிய 1ஆம் தட நிலையங்கள் மூடப்படும், கொன்கோர்ட் உட்பட. மாலையிலிருந்து கோபுரத்தைச் சுற்றி இருக்கிற த்ரோக்கதேரோ, பீர் அக்கெய்ம், எக்கோல் மிலித்தேர், ஆர்.இ.ஆர். என்கிற புறநகர் ரயிலின் சி தடத்தில் இருக்கிற ஷான் த மார்ஸ் போன்றவை மூடப்படும். ரயில் ஓடும், நிற்காமல் போய்விடும். கூகிள் மேப் காட்டுகிற வழியை மட்டும் நம்பிப் போனால் பூட்டிய படிக்கட்டின் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

அடுத்து நேரம். விடுமுறைக்கு முந்தைய இரவு என்பதால் 13 இரவு மெட்ரோ வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக, ஒன்றரை தாண்டியும் ஓடும். 14 இரவுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். அது வெள்ளியோ சனியோ ஆக இருந்தால் ஒழிய, சாதாரண நாள் போலப் பன்னிரண்டரையைத் தாண்டியதும் கடைசி ரயில்கள் போய்விடும் என்றே கணக்குப் போடுங்கள். வாணவேடிக்கை பதினொன்று முப்பத்தைந்து வாக்கில் முடியும். லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் எழுந்து நடப்பார்கள். உங்களுக்கு இருப்பது ஒரு மணி நேரம்தான், அதிலும் முதல் இருபது நிமிடம் அங்குலம் அங்குலமாக நகர்வதிலேயே போய்விடும். புறநகர்க்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கோடையில் ஆர்.இ.ஆர். தடங்களில் பராமரிப்பு வேலை நடக்கும், சில இரவுகளில் பதினொரு மணிக்கே ஒரு பகுதியை நிறுத்திவிட்டுப் பேருந்து விடுவார்கள். உங்கள் தடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலரும் கோட்டை விடுகிற விஷயம் சேன் ஆறு. கோபுரம் சேன் ஆற்றின் இடது கரையில், தெற்குப் பக்கம் இருக்கிறது. அன்று மாலை அங்கே இருக்கிற பாலங்களில் சிலவற்றை அடைத்துவிடுவார்கள், கோபுரத்துக்கு நேர் எதிரே இருக்கிற இயேனா பாலம் உட்பட. உங்கள் வீடு வடக்கே சேன் சேன்தெனி பக்கம் என்றால் வலது கரையிலேயே, அதாவது த்ரோக்கதேரோ பக்கமே, இடம் பாருங்கள். தெற்கே இவ்ரி, வித்ரி பக்கம் என்றால் இடது கரையில் நில்லுங்கள். கரை மாறி நின்றுவிட்டு நள்ளிரவில் பாலம் தேடி அலைகிற குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

முடிந்ததும் பக்கத்து நிலையத்துக்கு ஓடாதீர்கள். எல்லாரும் அங்கேதான் ஓடுவார்கள், காவல்துறை வாசலிலேயே நிறுத்தி நிறுத்தித்தான் உள்ளே விடும். எதிர்த் திசையில், கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, முப்பது நாற்பது நிமிடம் நடங்கள். இடது கரையில் மோன்பர்னாஸ் வரை நடந்துவிட்டால் பல தடங்கள் கிடைக்கும், கூட்டமும் வழியிலேயே கரைந்திருக்கும். கடைசி ரயிலும் போய்விட்டால் நொக்தீலியன் இரவுப் பேருந்து இருக்கிறது. மோன்பர்னாஸ், ஷாத்லே, கார் த லெஸ்த், கார் த லியோன், சேன் லசார் ஆகிய ஐந்து இடங்களில்தான் அவற்றின் பெரிய சந்திப்புகள். மாதாந்திர நவிகோ பயண அட்டை இருந்தால் கவலை இல்லை. டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோ, ஆர்.இ.ஆர். டிக்கெட் வேறு, பேருந்து, டிராம் டிக்கெட் வேறு. மெட்ரோ டிக்கெட்டோடு இரவுப் பேருந்தில் ஏறினால் அது செல்லாது. திரும்பி வரும் டிக்கெட்டைப் போகும்போதே வாங்கி அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள், இரவில் இயந்திரத்தின் முன்னால் நிற்கிற வரிசையைப் பார்த்தால் அழுகை வரும். ஊபர் பிடித்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு: சாலைகள் அடைத்திருக்கும், வண்டி உங்களிடம் வர முடியாது, வந்தாலும் விலை வேறு மாதிரி இருக்கும்.

13 இரவு: தீயணைப்பு நிலையத்தில் ஆட்டம்

இதைத்தான் புதிதாக வந்தவர்களுக்கு முதலில் சொல்வேன். பாரிஸிலும் அதை ஒட்டிய மூன்று மாவட்டங்களிலும் இருக்கிற தீயணைப்பு நிலையங்களில் பல, 13 அல்லது 14 இரவோ இரண்டு இரவுமோ, வாசலைத் திறந்து ஊரையே உள்ளே விடுகின்றன. 1937இல் மோன்மார்த்ர் நிலையத்தில் தொடங்கிய வழக்கம் இது. அணிவகுப்பு முடிந்து திரும்பிய வீரர்களின் பின்னாலேயே மக்கள் நிலையம் வரை நடந்து வந்துவிட்டார்கள், வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் கதவைத் திறந்துவிட்டு வித்தை காட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். பாரிஸ் தீயணைப்பு வீரர்கள் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. இரவு உங்களுக்குப் பீர் ஊற்றிக் கொடுக்கிற படையைச் சேர்ந்தவர்கள் மறுநாள் காலை ஷான்ஸ் எலிசேயில் அடி பிசகாமல் நடப்பார்கள்.

எப்படிப் போவது? எந்தெந்த நிலையங்கள், எந்த இரவு என்ற பட்டியல் ஜூலை முதல் வாரத்தில் வந்துவிடும். பெரும்பாலும் இரவு ஒன்பதுக்குத் திறந்து விடிகாலை நான்கு வரை ஓடும். மரே பகுதியின் செவின்யே, லெ ஹால் பக்கத்து ரூசோ போன்ற நடுநகர நிலையங்களுக்குப் பெயர் அதிகம், வரிசையும் அதிகம், இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போகிறவர்கள் உண்டு. பெயருக்காகப் போக வேண்டாம். 13ஆம், 19ஆம் வட்டாரம் மாதிரி ஓரத்தில் இருக்கிறதாகவோ, உங்கள் புறநகரிலேயே இருக்கிறதாகவோ பார்த்து எட்டரைக்குப் போய் நின்றால் சுலபமாக உள்ளே போய்விடலாம்.

வாசலில் பை சோதனை. கண்ணாடிப் புட்டி, வெளியிலிருந்து கொண்டுவந்த மது எதையும் விட மாட்டார்கள். அதைத் தாண்டினால் ஒரு பீப்பாய் வைத்திருப்பார்கள், மேலே துளை இருக்கும், அதில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள். சில நிலையங்களில் இவ்வளவு என்று கட்டணமே வைத்துவிடுகிறார்கள். பீப்பாய் இருக்கிற இடத்தில் ஒன்றும் போடாமல் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் பக்கத்தில் சீருடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே நிற்பார், உங்களுக்கே கை பைக்குள் போய்விடும். சில்லறையாகக் கொஞ்சம் யூரோ வைத்திருங்கள்.

உள்ளே முற்றத்தில் தோரணம், சிவப்பு வண்டிகளை ஓரங்கட்டியிருப்பார்கள், ஒரு மூலையில் மேடை, நீளமாக ஒரு பார். பிளாஸ்டிக் கோப்பைக்கு ஒரு யூரோ முன்பணம் வாங்கினால் கோப்பையைத் திருப்பிக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். மது வேண்டாதவர்களுக்குச் சாறு, சோடா எல்லாம் இருக்கும், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். எண்பது வயதுப் பாட்டி முதல் பதினெட்டு வயதுப் பையன் வரை ஒரே தரையில் ஆடுவார்கள், பழைய பிரெஞ்சுப் பாட்டு வந்தால் எல்லாரும் ஒரே குரலில் கத்துவார்கள். ஆடத் தெரியாதே என்று நம் ஆட்கள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அங்கே யாருக்கும் ஆடத் தெரியாது என்பது பதினைந்து நிமிடத்தில் புரிந்துவிடும். பிரெஞ்சு நான்கு வார்த்தை தெரிந்தாலே போதும், அக்கம்பக்கத்து ஆட்கள் தானாகப் பேச்சுக் கொடுக்கிற இரவு இது ஒன்றுதான், அந்த ஒரு காரணத்துக்காகவே இதை முதலில் வைத்தேன். ஆறு மாதமாக லிஃப்டில் தலையாட்டிவிட்டுப் போன எதிர்வீட்டுக்காரர் பெயர் சொல்லிக் கைகொடுப்பது இங்கேதான் நடக்கும்.

சின்னப் பிள்ளைகளோடு என்றால் ஒன்பதுக்குப் போய் பதினொன்றுக்குக் கிளம்பிவிடுங்கள். அதற்குமேல் நெரிசலும் சத்தமும் பிள்ளைகளுக்கு ஆகாது. பெண்கள் தோழிகளோடு போவது நல்லது, கோப்பையைக் கண்பார்வையிலேயே வைத்திருங்கள்.

14 காலை: அணிவகுப்பு

வெற்றி வளைவில் தொடங்கி கொன்கோர்ட் சதுக்கம் வரை ஷான்ஸ் எலிசே முழுக்க. பத்து மணியை ஒட்டிக் குடியரசுத் தலைவர் வருவார், அடுத்து விமானங்கள், அதற்குப் பின் காலாட்படை, குதிரைப் படை, கவச வண்டிகள், ஹெலிகாப்டர்கள். நண்பகலுக்குள் முடிந்துவிடும். கொன்கோர்டில் போட்டிருக்கிற இருக்கைகள் அழைப்பிதழ் இருக்கிறவர்களுக்கு. நடைபாதையில் நின்று பார்ப்பது இலவசம், ஆனால் தடுப்புக் கம்பியை ஒட்டிய முதல் வரிசை வேண்டுமென்றால் ஏழு மணிக்கெல்லாம் சோதனையைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். ஒன்பதரைக்குப் போனால் முன்னால் நிற்பவர்களின் முதுகும், தூக்கிப் பிடித்த கைபேசிகளும்தான் தெரியும்.

இந்தச் சோதனைகள் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2016இல் இதே நாள் இரவு நீஸ் நகரத்தில் ஒருவன் கூட்டத்துக்குள் லாரியை ஓட்டி 86 பேரைக் கொன்றான். தெருமுனைகளில் குறுக்கே நிற்கிற கான்கிரீட் கட்டைகளும் காவல்துறை வண்டிகளும் அதற்காகத்தான். முணுமுணுக்காமல் பையைத் திறந்து காட்டுங்கள்.

முன்வரிசை கிடைத்தால் கடைசி வரை இருந்து வெளிநாட்டுப் படையணியைப் பாருங்கள், வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்கிற பிரெஞ்சு ராணுவப் பிரிவு அது. மற்ற படைகள் நிமிடத்துக்கு 120 அடி வைத்துப் போகும், இவர்கள் 88 அடிதான். அந்த மெதுநடை பிசகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே காலாட்படையில் இவர்களைக் கடைசியில் விடுகிறார்கள். முன்னால் வருகிறவர்கள் தாடி வளர்த்து, தோல் ஏப்ரன் கட்டி, தோளில் கோடரி வைத்திருப்பார்கள். தலைவர் அமர்ந்திருக்கும் மேடையின் முன் எல்லாப் படைகளும் இரண்டாகப் பிரிந்து இடமும் வலமும் போகும், இவர்கள் மட்டும் பிரியாமல் ஒரே பக்கமாகத் திரும்புவார்கள். 2009இலும் 2023இலும் இந்திய முப்படைகளின் அணியும் இதே சாலையில் நடந்தது. 2024இல் ஒலிம்பிக் ஏற்பாடுகளால் அணிவகுப்பை ஃபோஷ் சாலைக்கு மாற்றியிருந்தார்கள். ஆகவே நீங்கள் போகிற ஆண்டு எங்கே என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

விமானம் மட்டும் போதும் என்றால் ஷான்ஸ் எலிசேக்குப் போகவே வேண்டாம். நீலம், வெள்ளை, சிவப்புப் புகை விட்டபடி வருகிற விமானங்கள் லா தெஃபான்ஸ் பக்கமிருந்து நேர்கோட்டில் நுய்யி வழியாக வெற்றி வளைவுக்குப் போகும். லா தெஃபான்ஸ் படிகளிலோ நுய்யி பாலத்தின் அருகிலோ பத்து மணிக்குப் போய் நின்றால் சோதனை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, தலைக்கு மேலேயே பறக்கும். சத்தம் நெஞ்சில் அதிரும், கைக்குழந்தை இருந்தால் காதை மூடத் தயாராக இருங்கள். 14 அன்று வேலை இருக்கிறவர்களுக்கும் வழி உண்டு. அதற்குச் சில நாட்கள் முன்னால் விமானங்கள் ஒத்திகை பார்க்கும், அதுவும் அதே பாதையில்தான்.

மதியம்

தூங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், இரவு வாணவேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது படுத்து எழுந்தால்தான் தாங்கும். பல ஆண்டுகளில் அணிவகுப்பு முடிந்ததும் அன்வலீத் மைதானம் போன்ற இடங்களில் வீரர்களும் வண்டிகளும் மக்களைச் சந்திக்க நிற்பதுண்டு, கவச வண்டிமேல் ஏறிப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்றால் கிழமையைப் பாருங்கள், செவ்வாய் என்றால் அது மூடியிருக்கும்.

சாப்பாட்டுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் இருக்கவே இருக்கிறது. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். ரோல்ஸ், வடை, புளிச்சாதம் என்று கையில் எடுத்துச் சாப்பிடுகிறதாக வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். குழம்பும் சோறும் புல்தரையில் இருட்டில் சரிப்படாது.

14 இரவு: வாணவேடிக்கை

ஜூலை நடுவில் பாரிஸில் சூரியன் மறையவே ஒன்பது ஐம்பது ஆகிவிடும், அதனால்தான் பதினொரு மணிக்குத் தொடங்குகிறார்கள். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கோபுரத்தின் உடம்பிலிருந்தே சீறிக் கிளம்பும், அண்மை ஆண்டுகளில் ட்ரோன்களும் சேர்ந்துவிட்டன. எங்கிருந்து பார்ப்பது என்பதுதான் கேள்வி.

ஷான் த மார்ஸில் உட்கார்ந்தால் வாணவேடிக்கைக்கு முன்னால் ஒன்பது மணிவாக்கில் தொடங்குகிற பெரிய இசைக் கச்சேரியும் கிடைக்கும். 2013இலிருந்து நடக்கிறது, இலவசம், தேசிய இசைக்குழுவும் உலகப் புகழ்பெற்ற பாடகர்களும் வருவார்கள். மேற்கத்தியச் செவ்வியல் இசையைக் காசு கொடுத்துக் கேட்க வாய்ப்பில்லாதவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் மாலை நாலு ஐந்து மணிக்கே போய்ப் போர்வை விரித்து இடம் பிடிக்க வேண்டும், கழிப்பறைக்குப் போனால் திரும்பி வந்து உங்கள் ஆட்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு, நிழல் குறைவு. இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போனால் கொண்டாட்டம். மூன்று வயதுப் பிள்ளையோடும் சர்க்கரை நோய் இருக்கிற அப்பாவோடும் போவதற்கான இடம் அது இல்லை.

குடும்பத்தோடு என்றால் தூரத்தில் உயரமான இடம் பாருங்கள். பெல்வில் பூங்காவின் மேல்முனையிலிருந்து, பியா தெருப் பக்கம், ஊர் முழுவதும் கோபுரத்தோடு தெரியும். ஒன்பதரைக்குப் போய்விட வேண்டும், அங்கேயும் கூட்டம் உண்டு, ஆனால் அது அக்கம்பக்கத்துக் கூட்டம். மோன்மார்த்ரில் சக்ரே கேர் படிக்கட்டில் இடம் பிடித்து உட்காருகிறவர்கள் ஏமாறுவார்கள், நேர் எதிரே பார்த்தால் கோபுரம் தெரியாது, மேற்குப் பக்கம் தள்ளி வர வேண்டும். ஊருக்கு மேற்கே சுய்ரேன் நகரில் மோன் வலேரியன் குன்றின் மேல் ஒரு மொட்டைமாடி போன்ற பூங்காத் திடல் இருக்கிறது, டி2 டிராமில் இறங்கி மேடேறிப் போனால் பாரிஸ் முழுவதும் காலடியில் கிடக்கும். தூரத்திலிருந்து பார்ப்பதில் குறை ஒன்று உண்டு, அதை மறைப்பதற்கில்லை: கோபுரத்தின் அடியில் நடக்கிற வேலைப்பாடுகள் தெரியாது, இசையும் கேட்காது. கைபேசியில் பிரான்ஸ் 2 நேரலையைப் போட்டுக்கொண்டால் பாட்டுப் பிரச்சினை பாதி தீரும், சில நொடி பின்னால் ஓடும், அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது, புறநகரில் இருக்கிறவர்களுக்கு இதுதான் லாபம். பாரிஸோடு மோத வேண்டாம் என்று பல நகராட்சிகள் தங்கள் வாணவேடிக்கையை 13 இரவே நடத்திவிடும். உங்கள் நகராட்சியின் பலகையைப் பாருங்கள். வீட்டிலிருந்து நடந்து போய்ப் பார்த்துவிட்டு நடந்தே திரும்பலாம், பிள்ளைகள் பன்னிரண்டுக்குள் படுக்கையில் இருப்பார்கள்.

பையில் என்ன?

சின்னப் பையாக எடுங்கள், சோதனையில் நேரம் மிச்சம். பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர், தொப்பி, ஒரு மெல்லிய மேல்சட்டை. பகலில் முப்பத்தைந்து பாகை வெயில் அடித்தாலும் இரவு ஆற்றுக் காற்றில் குளிரும். கைபேசிக்குப் பவர் பேங்க் அவசியம். கூட்டத்தில் இணைப்பு கிடைக்காமல் போகும், அதனால் பிரிந்துவிட்டால் எந்தத் தெருமுனையில், எந்த மருந்துக்கடை வாசலில் சந்திப்பது என்று முன்னாலேயே பேசிவையுங்கள். பிள்ளையின் கையில் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். நகராட்சிக் கழிப்பறைகள் இலவசம்தான், வரிசைதான் நீளம்.

தங்கும் அனுமதி அட்டையோ, அதற்கு விண்ணப்பித்தபோது தந்த ரெசெப்பிசே என்கிற தற்காலிகச் சீட்டோ கையில் இருக்கட்டும், காவல்துறை கேட்டால் காட்ட வேண்டும். சட்டையின் உள்பையில் வையுங்கள், பின்பையில் வைத்தால் அது உங்களுடையதாக இருக்காது. மெட்ரோ கதவு மூடுகிற நொடியில் கைபேசியைப் பறிக்கிற ஆட்களுக்கு இது அறுவடை நாள். அவசரத்துக்கு 112, காவல்துறைக்கு 17.

வெடி மட்டும் வேண்டாம்

தீபாவளிக்கு வாசலில் வெடித்துப் பழகிய கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் இந்த நாட்களை ஒட்டிப் பாரிஸ் பகுதியில் வெடி விற்பதற்கும் கொளுத்துவதற்கும் காவல்துறை தடை போடுவது வழக்கம். தெருவில் வெடிப்பவர்களையும் பார்ப்பீர்கள், 13 இரவு சில குடியிருப்புகளில் ராக்கெட்டைப் பக்கவாட்டில் விடுகிற பையன்களும் இருப்பார்கள். அந்தப் பக்கம் போகாமல் வேறு தெரு வழியாக நடங்கள். வேடிக்கை பார்க்க நின்றுவிட்டு, காவல்துறை வரும்போது நானில்லை என்று அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கிக்கொண்டிருப்பது தேவையில்லாத வேலை.

மழை, காற்று

ஜூலையிலும் மழை வரும். லேசான மழைக்கு வாணவேடிக்கை நிற்காது. பலத்த காற்றுதான் ஆபத்து, அப்போது தள்ளிவைக்கவோ ரத்து செய்யவோ வாய்ப்புண்டு, மாலையில் கிளம்பும் முன் நகராட்சியின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். குடை கொண்டு போகாதீர்கள், பின்னால் இருக்கிறவர்களுக்கு மறைக்கும், சண்டை வரும். மெல்லிய மழைக்கோட்டு போதும். வானிலை மோசம் என்று தெரிந்தால் தயங்காமல் திட்டத்தை மாற்றி, தெரிந்த நாலு குடும்பத்தை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தொலைக்காட்சியைப் போடுங்கள். அணிவகுப்பும் கச்சேரியும் வாணவேடிக்கையும் முழுதாக ஒளிபரப்பாகும், விருந்தினர்கள் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்பதை மட்டும் பன்னிரண்டு மணிக்கு யாராவது ஞாபகப்படுத்தினால் சரி.